பாலிஷ் போட்ட தகடு

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். என் வெற்றிகளைப் பற்றி எழுதலாமே என்று யோசனையும் சொன்னார்கள். வெற்றிகளில் எழுத ஒன்றுமில்லை. போனேன், மெஷின் ஓடியது, கையெழுத்து வாங்கினேன், பஸ் ஏறினேன். என் சர்வீஸில் முக்கால்வாசி நாட்கள் அப்படித்தான் போயின. மனதில் நிற்பதெல்லாம் சொதப்பிய நாட்கள். அவற்றில் திண்டிவனத்தில் சொதப்பியதைச் சொல்கிறேன். அன்று நான் செய்த தவறை நீங்களும் செய்வீர்கள். சிலர் இந்த வாரமே செய்திருப்பீர்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். அன்றைக்கு யூனிக்ஸ் என்றால் கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கட்டளையைச் சரியாக அடித்தால் வேலை செய்யும், தப்பாக அடித்தால் சும்மா இருக்கும். அதே யூனிக்ஸில் படம் வரும் திரை ஒன்று உண்டு, அதில் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும், மவுஸைப் பிடித்து நகர்த்தினால் குறி நகரும் என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் கம்பெனியில் அதை நிறுவத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் சீனியர். அவருக்கு அந்த வாரம் வீட்டில் கல்யாணம். இன்னொருவன் நான். எனக்குத் தெரியும் என்றால், அதற்கான கையேடு என் பையில் இருந்தது என்று அர்த்தம்.

கூப்பிட்டவர்கள் திண்டிவனத்துக்கு வெளியே மயிலம் போகிற சாலையில் இருந்த ஒரு கிரானைட் தொழிற்சாலைக்காரர்கள். வானூர் பக்கத்திலிருந்து கறுப்புக் கல் லாரியில் வரும். அதை அறுத்து, பாலிஷ் போட்டு, கல்லறைக் கல்லாக ஜெர்மனிக்கு அனுப்புவார்கள். கல்லில் வெட்ட வேண்டிய எழுத்தின் வரைபடம் அதுவரை தபாலில் வந்துகொண்டிருந்தது. இனிமேல் காந்த டேப்பில் வரும், அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, கல்லின் அளவுக்குத் திருத்தி அனுப்பத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை என்று வாங்குகிறவர்கள் எழுதிவிட்டார்கள். அந்தப் புரோகிராம் ஜன்னல் திரையில் மட்டும் ஓடும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர்களுடைய ஆள் ஒருவர் நேரில் பார்க்க வருகிறார். நான் திங்கள்கிழமை போய் இறங்கினேன். ஆக, என் வாழ்க்கையில் முதல் ஜன்னல் திரை கல்லறைக்காகத் திறந்தது. சகுனம் பார்க்க நேரமில்லை.

அந்தத் திரையை இயக்கப் போகிறவர் ஸ்டெல்லா. அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்தவர், வயது இருபத்துமூன்று இருக்கும். கல்லுக்கான வரைபடங்களைக் கையால் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதத் தற்காலிக வேலை. மாதக் கடைசியில் ஆறு மாதம் முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று விழுப்புரத்தில் இருக்கும் முதலாளி அப்போது முடிவு செய்வார். வீட்டில் இரண்டு தம்பிகள் அவர் சம்பளத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. டீ வாங்கிவரும்போது மேனேஜர் சொன்னார்.

டேப்பிலிருந்து சாஃப்ட்வேரை ஏற்றி, கோப்புகளைத் திருத்தி, புதன்கிழமை மத்தியானம் திரையை வரவழைத்தேன். சாக்குப் பை போல ஒரு சாம்பல் நிறம் திரை முழுக்க விரிந்தது. நடுவில் ஒரு பெருக்கல் குறி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, இதுக்கா மூணு நாளு என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் ஜன்னல்கள் திறந்தன. வியாழக்கிழமை முழுக்க ஸ்டெல்லா பழகினார். நான் ஒரு முறை காட்டினால் போதும், இரண்டாம் முறை அவர் எனக்குக் காட்டுவார். ஐந்தரை மணிக்கு அவர் கிளம்பும்போது எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே மவுஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய மவுஸ் மேஜைமேல் ஓடும், தொடைமேல் ஓடும், கல்யாணப் பத்திரிகைமேல்கூட ஓடும். அந்த மவுஸ் தன்னோடு வந்த தகட்டின்மேல் மட்டும்தான் ஓடும். ஒரு சாணுக்கு ஒரு சாண் அலுமினியத் தகடு. அதன்மேல் தலைமுடி கனத்தில் நெடுக்கே நீலக் கோடுகள், குறுக்கே சாம்பல் கோடுகள், மிக நெருக்கமாக. மவுஸின் அடியில் இருக்கும் விளக்கு அந்தக் கோடுகளை எண்ணி, எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கோடு இல்லையென்றால் அது குருடு.

இது கையேட்டில் இருந்தது. நான் படித்தும் இருந்தேன்.

வியாழக்கிழமை கிளம்பும் முன்பு, அறையைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டேன். கல் தூசி எங்கே பார்த்தாலும் மாவு போலப் படிந்திருந்தது. பாலிஷ் பிரிவிலிருந்து ஏழுமலையை அனுப்பினார்கள். பதினைந்து வருஷமாகக் கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவர், நாற்பது வயதுக்காரர், பேச்சு குறைவு. அவரிடம் நான் நீளமாக ஒரு சொற்பொழிவு செய்தேன். நாளைக்கு வெள்ளைக்காரர் வருகிறார், இந்த மேஜைமேல் ஒரு பொட்டு தூசி இருக்கக் கூடாது, முக்கியமாக இந்தத் தகடு, இது அழுக்காக இருந்தால் எதுவுமே நகராது என்றெல்லாம் சொன்னேன். ஏழுமலை தகட்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். "செஞ்சுடறேன் சார்" என்றார். நான் லாட்ஜுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு வந்தேன். அறை பளிச்சென்று இருந்தது. மேஜை, திரை, தகடு எல்லாம் மின்னின. தகட்டில் என் முகம் தெரிந்தது. தலை கலைந்திருந்தது, அதைப் பார்த்துச் சரி செய்துகொண்டேன். பிறகு மெஷினைப் போட்டேன். சாக்குப் பை வந்தது, பெருக்கல் குறி வந்தது. மவுஸை நகர்த்தினேன். குறி நகரவில்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். முதல் நாள் நன்றாக ஓடிய கோப்புகளைத் திருத்தினேன். திருத்தியதைத் திருத்தினேன். கடைசியில், ஓடிக்கொண்டிருந்த சாஃப்ட்வேரை அழித்துவிட்டு டேப்பிலிருந்து மறுபடி ஏற்றினேன். நாற்பது நிமிஷம் டேப் சுற்றியது. அந்த நாற்பது நிமிஷமும் எனக்கு மனம் லேசாக இருந்தது, ஏனென்றால் ஏதோ நடந்துகொண்டிருந்தது. பயந்தவன் கை எப்போதும் தனக்குப் பழக்கமான இடத்தைத்தான் தேடும். எனக்குப் பழக்கமான இடம் மெஷினின் உள்ளே. கோளாறு மேஜைமேல் வெளிச்சத்தில் கிடந்தது.

டேப் முடிந்தது. சாக்குப் பை, பெருக்கல் குறி. நகரவில்லை.

பத்து மணிக்கு மேனேஜர் வந்து நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் முதலாளிக்கு நடுங்குவார். "பத்தரைக்கு காரு விழுப்புரம் போவுது சார். முதலாளிக்கு வாயால சொன்னா ஒத்துக்க மாட்டாரு. இன்னா ஆச்சு, யாரால ஆச்சுன்னு காயிதத்துல எழுதிக் குடுங்க" என்றார்.

எங்கள் கம்பெனியில் சர்வீஸ் ரிப்போர்ட் என்று ஒரு படிவம் உண்டு. மேலே வெள்ளைத் தாள், அது வாடிக்கையாளருக்கு. நடுவில் மஞ்சள், எங்கள் ஆபீசுக்கு. அடியில் ரோஸ், எனக்கு. இடையில் கார்பன். அதில் காரணம் என்று பெரிய கட்டம் இருக்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே சீனியர் அந்தக் கட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லியிருந்தார். அதைக் காலியாக விடாதே, காரணம் தெரியாவிட்டால் ஆபரேட்டரின் தவறு என்று எழுது, மெஷின் தவறு என்றால் கம்பெனி கோபப்படும், நம் தவறு என்றால் வாடிக்கையாளர் கோபப்படுவார், ஆபரேட்டர் யாருக்கும் கடிதம் எழுத மாட்டார் என்று விளக்கினார். ரொம்பத் தெளிவான மனிதர். நான் அதற்குள் நாலைந்து ஊர்களில் அப்படி எழுதியிருந்தேன். அந்த ஆபரேட்டர்களுக்கு என்ன ஆனது என்று நான் கேட்டதில்லை.

திண்டிவனத்திலும் எழுதினேன். ஆபரேட்டர் தவறாகக் கையாண்டதால் மவுஸ் செயலிழந்தது. கீழே கையெழுத்து, கம்பெனி முத்திரை. மேனேஜர் வெள்ளைத் தாளைக் கிழித்துக்கொண்டு போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

காலையிலிருந்து வரைபட மேஜையில் இருந்த ஸ்டெல்லா ஐந்து நிமிஷத்தில் அறைக்குள் வந்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார் என்றார். மஞ்சள் தாள் மேஜைமேல் இருந்தது. எடுத்துப் படித்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் எத தப்பா கையாண்டேன் சார்? சொன்னீங்கன்னா அடுத்த எடத்துல அத செய்யாம இருப்பேன்."

பொதுவாக அப்படி எழுதுவதுதான் என்றேன். பொதுவாகவா என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்குக் காது சுட்டது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் சுடுகிறது.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு பழக்கம். யார் எதைக் கையில் எடுத்தாலும் டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்ப்பார்கள். பாலிஷ் போட்ட கல்லில் ஒரு கோடு, ஒரு கீறல் தெரிந்தால் அந்தக் கல் கழிவு. அதனால் டீ டம்ளரைக்கூடச் சாய்த்துப் பார்க்கிற ஜனங்கள். ஸ்டெல்லா பேசிக்கொண்டே தகட்டை எடுத்தார், சாய்த்தார், நிறுத்தினார்.

"சார், நேத்து இதுல கோடு இருந்துச்சுங்களே."

ஏழுமலையை அழைத்தோம். அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தவர் போல.

"கோடு கோடா அசிங்கமா இருந்துச்சு சார். துடைச்சுப் பார்த்தேன், போவல. நீங்க வேற முக்கியமான தகடுன்னு சொன்னீங்க. காலையில ஆறு மணிக்கே வந்து மூணு நம்பர் பாலிஷ் கல்லு மாத்தி மாத்தி பாலிஷ் போட்டேன். பேஜாரா பூடுச்சு. இப்ப பாருங்க, எங்கயாச்சும் ஒரு கோடு இருக்குதா?"

இல்லை என்றேன். உண்மையிலேயே ஒரு கோடுகூட இல்லை. இயந்திரத்தில் பிடித்திருந்த ஓரத்தில் மட்டும் அரை விரல் அகலத்துக்குக் கோடுகள் தப்பித்திருந்தன. அப்படி ஒரு வேலையை நான் என் துறையில் பார்த்ததில்லை. விஷயத்தை விளக்கியதும் ஏழுமலை அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டேன். வேறு தகடு இல்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். மணி பதினொன்றே கால். மூன்று மணிக்கு ஆள் வருகிறார்.

ஸ்டெல்லா கல்லின் பொடிமணிகளைப் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேல் வைத்து ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை கோடு என்று எண்ணினார், மறுபடி எண்ணினார். "இது போடலாம் சார்" என்றார். அந்தக் கோட்டைக் கையால் போடுவதா என்று கேட்டேன். நான் வேலையில் சேர்ந்ததிலிருந்து கோடுதானே போடுகிறேன் என்றார்.

கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது. நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்ன பிறகு இதை ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாளைக்குத்தானே வர வேணாம்னாரு. இன்னைக்கு அஞ்சரை வரைக்கும் டூட்டி இருக்குது சார்."

பளபளக்கும் தகட்டில் மை நிற்காது. அதனால் வரைபடத்துக்குப் பயன்படுத்தும் கண்ணாடித்தாளில், அந்தக் கெட்டியான பிளாஸ்டிக் தாளில், கோடு போட்டு, மை படிந்த பக்கம் கீழே இருக்கும்படி தகட்டின்மேல் ஒட்டுவது என்று முடிவு செய்தார். தகடு முழுவதும் வேண்டாம், ஒரு போஸ்ட்கார்டு அளவு போதும் என்று நான் சொன்னேன். அந்த நாளில் நான் சொன்ன உருப்படியான ஒரே வார்த்தை அதுதான். நெடுக்கே நீல மை. குறுக்கே கறுப்பு மையில் தண்ணீர் கலந்து சாம்பல். இருப்பதிலேயே மெல்லிய பேனா.

பத்துக் கோடு போட்டதும் பேனா அதிர்ந்தது. பக்கத்துக் கொட்டகையில் கல் அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, மேஜை நடுங்கியது. சுவரோரம் இருந்த ஏழுமலை எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் இயந்திரம் நின்றது. பிளேடு சூடாகிவிட்டது, இரண்டு மணி நேரம் ஆற வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்து வாசலில் நின்றுகொண்டார். பதினைந்து வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய்யாக இருக்கலாம், மேனேஜர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஸ்டெல்லா கோடு போட்டார். நான் என் கைகளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிட்டத்தட்ட முந்நூறு கோடுகள். ஒன்றுகூட இன்னொன்றைத் தொடவில்லை. இரண்டு மணிக்கு மை காய்ந்தது. தகட்டின்மேல் ஒட்டினோம். ஏழுமலையின் பாலிஷ் அடியில் கண்ணாடி போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியது. மவுஸை வைத்து நகர்த்தினேன்.

பெருக்கல் குறி நகர்ந்தது. பக்கவாட்டில் வெண்ணெய் போலப் போனது. மேலும் கீழும் போகும்போது நொண்டியது, நாலு அடி போய் ஓர் அடி தாவியது. தண்ணீர் கலந்த மை அசல் மை இல்லையே. ஸ்டெல்லா என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் அந்த நொண்டலுக்கு ஏற்றபடி கையைப் பழக்கிக்கொண்டார்.

மூன்று மணிக்கு வர வேண்டியவர் மூன்றே காலுக்கு வந்தார். இளநீர் குடித்தார். டேப்பைக் கொடுத்தார். ஸ்டெல்லா ஒரு ஜன்னலில் வரைபடத்தைத் திறந்தார், இன்னொன்றில் கல்லின் அளவுகளைத் திறந்தார். யாரோ ஓர் அம்மாளின் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். எழுத்துகளைக் கல்லுக்குள் அடங்கும்படி இழுத்து வைத்தார். வந்தவர் தலையாட்டினார். அப்புறம் மவுஸின் அடியில் இருந்த தாளைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். உள்ளூர் ஏற்பாடு என்று மேனேஜர் ஆங்கிலத்தில் சொன்னார். வந்தவர் பூதக்கண்ணாடியை வாங்கி ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஸ்டெல்லாவைப் பார்த்துத் தன் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னார். அது என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது. மேனேஜர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஆர்டர் தொழிற்சாலைக்குத்தான் என்று வந்தவர் போகும்போது கைகொடுத்ததில் புரிந்தது.

கார் போனதும் மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்து, நாளைக்கு வழக்கம் போல வந்துவிடு என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார். நான் பையைக் கட்டினேன். விஷயம் முடிந்துவிட்டது என்று உண்மையாகவே நினைத்தேன். ஸ்டெல்லா பேனாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த வெள்ளைத் தாளு?"

மேனேஜர்தான் வரச் சொல்லிவிட்டாரே என்றேன்.

"அவரு வாயால சொன்னாரு. நீங்க காயிதத்துல எழுதி அனுப்பிட்டீங்க. மாசக் கடைசில முதலாளி எத பார்ப்பாரு?"

மெட்ராஸ் போனதும் திருத்தி இன்னொரு ரிப்போர்ட் தபாலில் அனுப்புகிறேன் என்றேன்.

"அது காருல போச்சு சார். இது தபால்ல போவுமா?"

குரலை உயர்த்தவில்லை. பேனாவை உதறிக்கொண்டே கேட்டார். நான் மெட்ராஸ் பஸ் ஏற வேண்டியவன், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று விழுப்புரம் பஸ் ஏறினேன். நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஏழுமலை தகட்டைக் கெடுத்துவிட்டார் என்று சொல்லலாம், அது பொய் இல்லை. ஆனால் சொன்னால் பதினைந்து வருஷ வேலை போய்விடும். ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயர் எழுதத்தான் நான் பஸ்ஸில் போகிறேனா என்று விக்கிரவாண்டி தாண்டும்போது தோன்றியது.

முதலாளியின் வீடு விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில். வீட்டிலேயே ஆபீஸ். விவசாயக் குடும்பம், கல் வியாபாரம் பிறகு வந்தது. நான் போனபோது ஆபீஸ் அறையில் தரையில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பொறுக்கிக்கொண்டிருந்தார். சொத்தையை ஒரு பக்கம் போட்டார், நல்லதை ஒரு பக்கம் போட்டார். நான் யார் என்று சொன்னேன். காலையில் எழுதி அனுப்பிய காரணம் தவறு என்றேன்.

"ஆபரேட்டர் தப்பு இல்லியா? அப்ப யாரு தப்பு?"

"என் தப்புங்க. தகடு சுத்தமா இருக்கணும்னு சொன்னேன். கோடு அழியக் கூடாதுன்னு சொல்லல. கோடுன்னாலே கழிவுன்னு நினைக்கிற எடத்துல அத சொல்லி இருக்கணும்."

பாலிஷ் போட்டவர் பெயரைத் தவிர முழுவதையும் சொன்னேன். தகட்டைப் பார்த்துத் தலைவாரியதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இன்னும் நாலு மல்லாட்டையை எடுத்துப் பார்த்தார்.

"காலையில எதுக்கு அந்தப் பொண்ணு மேல எழுதினீங்க?"

"அப்ப காரணம் தெரியலீங்க."

"தெரியலன்னு எழுதறதுதானே."

நான் பையிலிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்தேன்.

"எடம் பத்தலியா?"

அந்தக் கட்டத்தில் இடம் நிறைய இருந்தது. தெரியவில்லை என்று பத்துத் தடவை எழுதலாம், அவ்வளவு இடம்.

அலமாரியைத் திறந்து ஸ்டெல்லாவின் ஃபைலை எடுத்துத் தரையில் வைத்தார். வெள்ளைத் தாளை அதற்குள்ளேயே ஊசி குத்தி வைத்திருந்தார்கள். நீங்க எழுதினத நீங்களே எடுங்க என்றார். எடுத்தேன். புதிய படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில், இன்ஜினியர் கொடுத்த தவறான அறிவுரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆபரேட்டர் கையால் வரைந்த கோடுகளால் இயந்திரம் ஓடுகிறது என்றும் அடியில் சேர்த்தேன். அவர் படித்தார், அதே ஊசியில் அதைக் குத்தினார். பாலிஷ் போட்டது யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் எங்கள் கம்பெனிக்கு என்னைப் பற்றி ஒரு புகார்க் கடிதம் போட்டார். அதையும் காரில் கொடுத்தனுப்பினார்.

எனக்கு மெமோ கிடைத்தது. சீனியர் என்னைக் கூப்பிட்டு, தெரியலன்னும் நம்ம தப்புன்னும் எழுதிக்கினு இருந்தா நாளைக்கு எவன் நம்மளக் கூப்பிடுவான் என்று வருத்தத்தோடு கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் அடுத்த முறை கூப்பிட்டபோது என்னைத்தான் அனுப்பச் சொன்னார்கள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் நான் ஆபரேட்டர் தவறு என்று எழுதிய அந்த நாலைந்து ஊர்களுக்கு மறுபடி போக எனக்குத் தைரியம் வரவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆகவே, உங்கள் கம்ப்யூட்டரில் காரணம் என்று ஒரு கட்டம் வரும்போது, கீழே தயாராக ஒரு பட்டியலும் வரும். அதில் பயனர் பிழை என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதைத் தொடுவதற்கு முன்பு, பயனரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று யோசியுங்கள்.

மூன்று மாதம் கழித்து அசல் தகடு வெளிநாட்டிலிருந்து வந்தது. நானே எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். ஏழுமலை அதைத் தூரத்திலிருந்து பார்த்தார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஸ்டெல்லா பிரித்து, டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். நல்லா இருக்குது சார் என்றார். திருப்பி அட்டைப் பெட்டியில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அப்போது அவர் நிரந்தரம் ஆகிவிட்டிருந்தார். மவுஸ் அவர் கையால் கோடு போட்ட தாளின்மேலேயே இருந்தது. அது மூன்றாவது தாள், நொண்டல்கூட வெகுவாகக் குறைந்திருந்தது.

புதுசை ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"அது கெட்டுச்சுன்னா நீங்க யாரு பேரை எழுதுவீங்களோ. இது கெட்டுச்சுன்னா நானே போட்டுக்குவேன் சார்."